ஆபத்து முழுவதும் உங்களுக்கே

உலகில் வள்ளல்கள் அருகிவிட்டார்கள் என்று புலம்புகிறவர்கள், வீடியோ கேம் ஆடும் பெட்டியான கன்சோலை விற்கும் கம்பெனிகளின் படியை ஒருமுறையாவது மிதித்துப் பார்க்க வேண்டும். லாபத்தில் பங்கு தருகிறவர்களை எங்கும் காணலாம். நஷ்டத்தில் ஒரு துளிகூடத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் மொத்தத்தையும் அடுத்தவருக்கே விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மை அங்கே மட்டும்தான் உண்டு.

அதற்குப் பாத்திரமானவர் ஒரு ‘சுதந்திரப் பதிப்பாளர்’. அதாவது, பெரிய நிறுவனம் எதன் தயவும் இல்லாமல் சொந்தமாக வீடியோ கேம் வெளியிடுகிறவர். சம்பளம், விடுமுறை, தூக்கம் ஆகியவற்றிலிருந்தும் அவர் சுதந்திரம் பெற்றிருந்தார். அலுவலகம், ஒரு சலவைக் கடையின் மாடியில். வெள்ளத்தில் மிதக்கும் பியானோவைக் கரை சேர்க்கும் விளையாட்டு ஒன்றை அவருடைய மச்சினன் உருவாக்கியிருந்தான். நல்ல விளையாட்டு. அதற்காக அவன் வேலையை விட்டான். இவர் வீட்டை அடமானம் வைத்தார். வீடு மனைவியின் பெயரில் இருந்தது.

சந்தையில் கறுப்புப் பெட்டி, வெள்ளைப் பெட்டி என்று இரண்டு கன்சோல்கள். பரம வைரிகள். முதலில் வந்தவர் கறுப்புப் பெட்டியின் ‘உறவு மேலாளர்’.

“எங்க பெட்டியில மட்டும் வெளியிடுங்க சார். ஆன்லைன் கடையோட முகப்புலயே வைக்கிறோம்.”

“முன்பணம் ஏதாவது…?”

“நாம ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள பணம் பேசலாமா?”

விற்பனையில் முப்பது சதவீதத்தை எடுத்துக்கொள்வது மட்டும் குடும்ப வழக்கம்.

“மாமா, ரெண்டு பெட்டியிலயும் போட்டாத்தானே போட்ட காசாவது தேறும்?” என்றான் மச்சினன்.

“முகப்புல வைக்கிறாங்க மாப்ள!” என்று சொல்லிப் பதிப்பாளர் கையெழுத்துப் போட்டார்.

கறுப்புப் பெட்டியின் தரப் பரிசோதனைக் குழு விளையாட்டை ஆழ்ந்து ஆராய்ந்து திருப்பி அனுப்பியது. பியானோவில் கறுப்புக் கட்டைகளைவிட வெள்ளைக் கட்டைகள் அதிகம்; இது போட்டியாளருக்கு ‘மறைமுக விளம்பரம்’. மச்சினன் நிறங்களை மாற்றிப்போட்டான்.

விளையாட்டு வெளியானது. முகப்பிலும் வைத்தார்கள், காலையில். மதியத்துக்குள் கம்பெனியின் சொந்தக் கால்பந்து விளையாட்டு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஆட்கள் தேடிப்பிடித்து வாங்கினார்கள். பதிப்பாளர் வட்டி கட்டினார். மனைவியிடம் நிமிர்ந்து பேசினார். அப்போதுதான் தொலைபேசி வந்தது.

“வாழ்த்துகள் சார்! எங்க மாதச் சந்தாக்காரங்களுக்கு இலவசமாக் கொடுக்க உங்க கேமைத் தேர்ந்தெடுத்திருக்கோம்.”

“அப்ப எனக்கு?”

“உங்களுக்கும் இலவசம்தான் சார்.”

ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருந்தது. லட்சக்கணக்கானோர் விளையாடினார்கள், ஒருவரும் வாங்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பதிப்பாளர் வெள்ளைப் பெட்டியின் ‘கூட்டாண்மைத் தலைவி’யைப் போய்ப் பார்த்தார்.

“அங்க சும்மா கிடைக்கிறதை இங்க யாரு வாங்குவா? சரி, வந்துட்டீங்க. எங்க பெட்டியில ஓடுற மாதிரி கேமை மாத்தி எழுதுற செலவு உங்களோடது. அப்புறம் அந்தக் கட்டைங்க… கறுப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே?”

மச்சினன் மறுபடியும் நிறங்களை மாற்றினான். வெள்ளைப் பெட்டியில் வாங்கியவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். வீடு போயிற்று. மூன்று பேரும் சலவைக் கடை மாடிக்கே குடிவந்தார்கள்.

“லட்சம் பேர் வெளையாடுறாங்கன்னு சொன்னீங்களே,” என்றாள் மனைவி, பாயை உதறியபடி. “அதுல யாராவது ஒருத்தர் வீட்ல நம்மளத் தங்கவிடுவாங்களா?”

அவர் பாயின் மறுமுனையைப் பிடித்து விரித்தார்.

சில மாதங்களில் அவருக்கு அழைப்பு வந்தது. ‘சுதந்திரப் பதிப்பாளர்கள்: லாபமும் ஆபத்தும்’ என்ற மாநாடு. பரம வைரிகள் இருவரும் ஒரே மேடையில், ஒரே சோபாவில். அவருக்குத் ‘துணிச்சல் மிக்க பதிப்பாளர்’ கேடயம். மேலாளரும் தலைவியும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு வழங்கினார்கள்.

“ஆபத்து இல்லாம வளர்ச்சி இல்லை!” என்று முழங்கிவிட்டு மேலாளர் மைக்கை நீட்டினார். “புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார்.”

நன்றி சொல்லத்தான் எழுந்தார். கடைசி வரிசையில் மனைவியும் மச்சினனும் தெரிந்தார்கள்.

“நான் வீட்டை வச்சேன். அதோ, என் மச்சினன் வேலையை விட்டான். நீங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் என்ன ஆபத்தைச் சந்திச்சீங்க?”

பரம வைரிகள் தலையோடு தலை முட்டிக் கலந்தாலோசித்தார்கள். பிறகு மேலாளர் இருவர் சார்பிலும் பெருமிதத்தோடு பதில் சொன்னார்:

“இப்ப உங்க கையில மைக்கைக் குடுத்தோமே, அதைவிடவா சார்?”

அந்த ஆபத்தையும் அவர்கள் நெடுநேரம் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. மைக் அணைக்கப்பட்டது.