வீட்டுக்குள் வரக்கூடாத சிப்பு

2025 அக்டோபர் 11, சனிக்கிழமை. கலிஃபோர்னியா, பிளசன்டன். கந்தசாமியின் வீட்டு வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது.

உள்ளே மகள் வெண்பா வரவழைத்த மதர்போர்டு இருந்தது. எந்தக் கம்பெனிச் சிப்பைப் பொருத்துவதற்கானது என்று பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். படித்துவிட்டுக் கந்தசாமி வாசலை மறித்து நின்றார்.

"இது உள்ள வராது."

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ போர்டு," என்றாள் வெண்பா. பதினொன்றாம் வகுப்பு. தமிழ் நன்றாகப் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும்.

"ப்ராஸசரு?"

எதை வாங்கப்போகிறாள் என்று சொன்னாள். கேமிங், வீடியோ எடிட்டிங் இரண்டுக்கும் இந்த வருடம் அதை அடிக்க வேறு சிப்பு இல்லை என்று எல்லா ரிவ்யூவிலும் சொல்கிறார்களாம்.

"சொல்லுவானுக. காசு வாங்கிட்டு என்ன வேணா சொல்லுவானுக."

கந்தசாமியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சான்டா கிளாராவில் உள்ள அந்தக் கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர் அவர். கடைசி நான்கு வருடமும் ஒரே சிப்பை வடிவமைத்துக்கொண்டிருந்தார். அப்போது வேறொரு கம்பெனியிலிருந்து பிச்சுமணி என்பவர் மேலதிகாரியாக வந்தார். வந்த சில மாதங்களில், அந்தச் சிப்பைக் கைவிடுவதாக ஒரு மீட்டிங்கில் அறிவித்தார். அறிவித்துவிட்டு எல்லோரையும் சாப்பிடப் போகச் சொன்னார். கந்தசாமி சாப்பிடப் போகவில்லை. அந்த வாரமே ராஜினாமா செய்து, ஃப்ரீவேக்கு மறுபக்கம் இருந்த போட்டிக் கம்பெனியில் சேர்ந்தார்.

மூன்று வருடம் ஓடிவிட்டது. இன்றும் பழைய கம்பெனி பற்றிய செய்தி வந்தால் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அதன் பெயரை எடுக்க வேண்டாமென்று மனைவி புஷ்பவல்லி, விருந்துக்கு வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவைப்பார். 'பருப்பு சாதம் கொண்டு வாங்க, அந்தப் பேச்ச மட்டும் கொண்டு வராதீங்க.'

"நம்ம கம்பெனிச் சிப்பு இருக்குது கண்ணு. எம்ப்ளாயி டிஸ்கவுன்ட்ல அப்பா வாங்கித் தர்றேன். அதுல என்ன எடிட் ஆகாதா?"

"அடுத்த சனிக்கிழமை ஃபங்ஷன்பா," என்றாள் வெண்பா. பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது. தமிழ்ப் பள்ளியின் தீபாவளி விழாவில் திரையிட வேண்டிய வீடியோப் படத்தை எடிட் செய்வது அவள் பொறுப்பில் இருந்தது.

திங்கட்கிழமை கந்தசாமி சிப்போடு வந்தார். சில வருடம் பழைய மாடல். ஊழியர்களுக்கான கடையில் அதுதான் மிஞ்சியிருந்தது. இத்தனை காலம் சிப்பு வடிவமைத்தவர், ஒரு கம்ப்யூட்டரைத் தன் கையால் பாகம் பாகமாகச் சேர்த்ததில்லை. வாசலில் மறித்த அதே போர்டில் அதைப் பொருத்தப் பார்த்தார். புஷ்பவல்லி டார்ச் பிடித்தார்.

"ஏனுங்க, அது உக்கார மாட்டேங்குதே."

"எப்படி உக்காரும்? நம்ம சிப்பு பொருந்தக் கூடாதுன்னே போர்டு பண்ணியிருக்கானுக."

"அது அவங்க சிப்புக்கான போர்டுதானுங்களே."

"நீ டார்ச்ச நேராப் பிடி."

செவ்வாயன்று தன் கம்பெனிச் சிப்புக்கேற்ற வேறு போர்டு வாங்கினார். அதில் வெண்பா வாங்கிவைத்திருந்த மெமரி நுழையவில்லை. அது புது வகை, போர்டு பழைய வகை.

"இதுவும் அவனுக பண்ண சதிங்களா?" என்று கேட்டார் புஷ்பவல்லி.

"இது நம்மாளுக பண்ணது. இதுக்கு ஒரு காரணம் இருக்கும்."

பழைய வகை மெமரியும் வந்தது. புதன்கிழமை கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. வெண்பா ஒரு கேமைத் திறந்தாள். மதில்மேல் தாவிய வீரன் பாதி வழியில் அந்தரத்தில் நின்றான்.

"யோசிக்குது," என்றார் கந்தசாமி.

"அப்பா, ஹி இஸ் டெட்."

வீடியோவை ஓட்டினாள். உள்ளே இருந்த ஃபேன் வீடே அதிரும்படி இரைந்தது.

"இந்தச் சத்தத்துக்கு அரிசி போட்டிருந்தா மாவாவது கெடைச்சிருக்கும்," என்றார் புஷ்பவல்லி.

படம் பாதி தயாரானபோது சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. கந்தசாமி பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதற்கு நேராக வைத்தார். போதவில்லை. ஏசியைக் கடைசி அளவுக்குக் குறைத்தார். கம்ப்யூட்டர் கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. அக்டோபர் மாதத்தில் ஏசி ஓடும் வீட்டில், பக்கத்து அறையில் புஷ்பவல்லிக்குக் கை விறைத்தது. அவர் ஹீட்டரைப் போட்டார்.

லோடு தாங்காமல் கரண்ட் பிரேக்கர் விழுந்தது. மாடி முழுவதும் இருண்டது. வெண்பா அதுவரை வெட்டி ஒட்டிய அத்தனையும் போயிற்று.

"ஹீட்டர யாரு போடச் சொன்னா?"

"ஏசிய யாரு போடச் சொன்னாங்களோ, அவங்கதான்."

வெண்பா இருவரையும் பார்க்கவில்லை. "ஐ வில் டெல் தெம் ஐ கான்ட் டூ இட்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் விஷாகா வந்தார். தமிழ்ப் பள்ளி விழாவுக்குப் பொறுப்பாளர். சான்டா கிளாராவில் கந்தசாமியின் பழைய டீமில் இன்னும் இருப்பவர். வெண்பா மெசேஜ் அனுப்பியிருந்தாள். திறந்தபடி ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரையும் ஃபேனையும் விஷாகா குனிந்து பார்த்தார்.

"எதுக்குண்ணா இவ்ளோ கஷ்டம்? வெண்பா கேட்டதையே வாங்கித் தந்திருக்கலாமே."

புஷ்பவல்லி கண்ணைக் காட்டினார். பயனில்லை.

"நாலு வருஷம் விஷாகா. நாலு வருஷ வேலைய ஒரே மீட்டிங்ல குப்பையில போட்டான் அந்தாளு. போட்டுட்டு லஞ்சுக்குப் போகச் சொல்றான். அந்தக் கம்பெனிச் சிப்பு என்ற வீட்டுல ஓடோணுமா? மனுசனுக்கு மானம்னு ஒண்ணு வேண்டாமா?"

விஷாகா புஷ்பவல்லி பக்கம் திரும்பினார்.

"இவர்கிட்ட யாருமே சொல்லலையா?"

"அந்தப் பேச்ச எடுத்தா எந்திரிச்சுப் போயிடறாரு. என்னத்தச் சொல்றது? எனக்கே ஒண்ணும் தெரியாது."

விஷாகா ஃபேனை அணைத்தார்.

"அண்ணா, நீங்க போன ரெண்டாவது மாசமே அந்த ப்ராஜெக்ட வேற பேர்ல திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. வெண்பா கேட்டது நீங்க பண்ண சிப்பு. இங்க சூடாயிட்டிருக்கே, இதுதான் பிச்சுமணி எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி, நீங்க இப்ப இருக்கற கம்பெனில பண்ணது."

வெள்ளிக்கிழமை கந்தசாமி லீவு போட்டார். மதியத்துக்குள் பழைய கம்பெனியின் சிப்பு வீட்டுக்குள் வந்தது. வெண்பா அன்றிரவே எல்லாவற்றையும் மறுபடி வெட்டி ஒட்டினாள். சனிக்கிழமை விழாவில் படம் ஓடியது.