பினாங்கு மச்சானுக்கு, குடோன் சுவர் விஷயமாக

786

கடலூர் ஓ.டி.
8-1-1964

மதிப்புக்குரிய மச்சான் முஹம்மது இஸ்மாயில் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஜொஹரா பீவியின் வீட்டுக்காரன் நூர்முகம்மது வணக்கமாய் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். பினாங்கில் தாங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், தங்கள் கடையில் வியாபாரம் பெருகவும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். தாங்கள் கொடுத்தனுப்பிய தைலப் புட்டி வந்து சேர்ந்தது. முழங்காலுக்குத் தடவினேன். வலி போகவில்லை என்றாலும் வாசனை நன்றாக இருக்கிறது.

நிற்க. குடோன் விஷயம். ‘குடோன் காலியாகத்தானே இருக்கிறது?’ என்று தாங்கள் போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். ‘ஆமாம்’ என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் நான் காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்தவன், இல்லாததை இருக்கிறதாக வரையத்தான் தெரியுமே தவிர எழுதத் தெரியாது. ஆகையால் தாங்கள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மேற்கொண்டு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஐப்பசிக் கடைசியில் இங்கே அடித்த காற்றில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த கீற்றுக் கொட்டகை சரிந்துவிட்டது. அதில் கதவும் இல்லாமல் வாடகையும் இல்லாமல் மூன்று பேர் குடியிருந்தார்கள். ஒருத்தி முத்தம்மாள், தேவனாம்பட்டினத்தில் அவள் குடிசையை அலை கொண்டுபோன பிறகு மீன்கூடையைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓ.டி.க்கு வந்து, முதலில் ஸ்டேஷனில் படுத்திருந்தவள். இன்னொருவர் பக்கிரி, லாரியில் கிளீனராக இருந்தார், முதலாளி லாரியை விற்றதும் வேலையும் படுக்கிற இடமும் ஒன்றாகப் போய்விட்டன. மூன்றாமவர் கொளஞ்சியப்பன், காடாம்புலியூர்க்காரர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், மருமகள் ஏதோ சொல்லிவிட்டாள் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர் திரும்பிப் போகவில்லை. இவர்கள் மூவரும் தங்கள் குடோன் வாசலில் நனைந்துகொண்டு நின்றார்கள். சாவி என் இடுப்பில் இருந்தது. மழை விடுகிற வரைதான் என்று சொல்லித் திறந்தேன். மச்சான், அந்த மழை லேசில் விடவில்லை. விட்ட பிறகும் மழை விட்டுவிட்டது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொல்லலாம் என்றுதான் தினமும் போவேன்.

சும்மா உட்கார்ந்திருந்ததில் அவர்களுக்குள் ஓயாத சண்டை. பக்கிரியின் குறட்டையை முத்தம்மாள் திட்ட, முத்தம்மாளின் திட்டைக் கொளஞ்சியப்பன் திருத்த, எனக்குப் பழைய வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. வீட்டில் மிச்சம் இருந்த கலர் சாக்பீஸையும் அடுப்புக் கரியையும் எடுத்துக்கொண்டு போய், பேச்சை நிறுத்தி ஆளுக்கொரு வீடு வரையுங்கள் என்றேன். எத்தனையோ வருஷம் பிள்ளைகளை வீடு வரையச் சொல்லியிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை மரம், ஓட்டு வீடு என்றே வரையும். வீடு இல்லாதவர்களிடம் வீடு வரையச் சொன்னோமே என்று எனக்கு உறைத்தபோது சுவரில் பாதி வேலை ஆகிவிட்டிருந்தது. பக்கிரி இரும்புச் சட்டங்களும் சக்கரங்களும் எண்ணெய்க் கறையுமாக எதையோ வரைந்திருந்தார்.

“இன்னாய்யா இது?” என்றேன்.

“லாரிக்கு அடி, வாத்தியாரு பாய். மல்லாக்கப் படுத்தா இப்பிடித்தான் தெரியும். இத்தினி வருசமா இதான் எனக்குக் கூரை.”

முத்தம்மாள் ஒரு வீட்டை வரைந்து அதற்குள் கடலை வரைந்திருந்தாள். கொளஞ்சியப்பன் படம் வராது என்று சொல்லி, சுவரில் கேள்வி பதில் எழுதினார். கேள்வி கேட்க யாரும் இல்லாததால் கேள்வியும் அவரே. அதில் ஒன்றை அப்படியே எழுதுகிறேன்: ‘கேள்வி: உமக்கு ஒரு வீடு கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்? பதில்: உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். யாராவது தட்டினால், யாரது என்று கேட்பேன்.’

இதைப் படித்துவிட்டு நான் குடோனை விட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் உப்பனாற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மழை விட்டதைச் சொல்கிற வேலையை அதோடு கைவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததற்கெல்லாம் நானே பொறுப்பு. சுவரில் இருந்ததைக் காகிதத்தில் கொண்டுவந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினோம். பெயர் வைப்பதில் சண்டை மூண்டு, கடைசியில் ‘விலாசம்’ என்று முடிவாயிற்று. முத்தம்மாளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு வார்த்தையை நான் இலக்கணமாக மாற்றினால்கூட, “நா சொன்னத எழுது பாய், நீ சொல்றத நீ தனியா எழுதிக்க” என்பாள். தங்கள் தங்கைக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. “எங்க அண்ணன் குடோன வாடகைக்கு உடச் சொன்னா, இவுரு பள்ளிக்கூடம் நடத்துறாரு” என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே குழம்பில் தண்ணீரைக் கொஞ்சம் ஜாஸ்தி ஊற்றினாள், மூன்று பேருக்கும் சேர்த்து.

மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் ஜனம் குவியுமே, அங்கே கொண்டுபோய் நாலு பேருக்குக் காட்டுவோம் என்று எனக்கு ஓர் ஆசை. நால்வரும் பாசஞ்சர் வண்டியில் ஏறினோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். பக்கிரி நீட்டிய டிக்கெட்டில் எழுத்தே தெரியவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று அதில் ஒரு ரயில் வரைந்திருக்கிறார். ரயில் நீளமாகப் போனதால் முன்பக்கத்துக்கும் வந்துவிட்டிருக்கிறது.

“இது டிக்கெட்டா?” என்றார் பரிசோதகர்.

“டிக்கெட்டுதாங்க. மேல ரயில கொஞ்சம் ஓட்டி இருக்குறேன்” என்றார் பக்கிரி.

பரிசோதகர் பென்சிலை எடுத்தார். “பேரு பக்கிரி. சரி. விலாசம்?”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்தம்மாள் மடியில் வைத்திருந்த பத்திரிகையை எடுத்து நீட்டினாள். “இந்தா தம்பி, இதான் விலாசம். நல்லா பாத்துக்க. மூணு பேருக்கும் இது ஒண்ணுதான்.”

தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று அவருக்குக் கோபம். என்னதான் எழுதியிருக்கிறது பார்ப்போம் என்று விறைப்பாக நின்றுகொண்டே பிரித்தார். புதுச்சத்திரத்தில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். பரங்கிப்பேட்டையில் தொப்பியைக் கழற்றினார். கிள்ளையில் தமக்குத் தாமே சிரித்தார். சிதம்பரத்தில் நாங்கள் இறங்கியபோது பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அடுத்த தடவ நோட்டுல வரைங்கய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மற்றப் பெட்டிகளில் அன்றைக்கு யாருமே டிக்கெட் காட்டியிருக்க மாட்டார்கள்.

கீழவீதியில் என்னிடம் படித்தவன் ஒருவன் கடை வைத்திருக்கிறான். அவன் கடைச் சுவரில் கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டோம். காலண்டர் சாமி படம் என்று நினைத்து வந்தவர்கள் லாரியின் அடியைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போன கையை இறக்கினார்கள். திருவிழாவுக்கு ஆள் ஏற்றிவந்த லாரி டிரைவர் ஒருவர் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு தெருமுனையில் நிறுத்தியிருந்த தம் வண்டிக்கு அடியில் வெள்ளை வேட்டியோடு படுத்துப் பார்த்துவிட்டு முதுகெல்லாம் கறையாக வந்தார். “இவ்ளோ வருசம் மேல உக்காந்தே ஓட்டிட்டேன். கீழேந்து பாத்தா கோயில் மண்டபமாட்டம் இருக்குதேய்யா” என்று பக்கிரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு கல்லூரி ஆசிரியரும் வந்தார். நல்ல மனுஷர். கண் கலங்கி முத்தம்மாளிடம், “அம்மா, நீங்க பட்ட துயரத்தையெல்லாம் எழுதணும். உலகம் தெரிஞ்சுக்கணும்” என்றார்.

“அது எனக்கே தெரியுமேய்யா, அத வேற எதுக்கு உக்காந்து சொல்லணும்? நா ராணி கததான் சொல்லுவேன்” என்றாள்.

சொன்னாள். ஒரு ராணிக்கு அரண்மனை நிறைய அறைகள், எந்த அறையிலும் தூக்கம் வரவில்லை. நாடெல்லாம் தேடிக் கடைசியில் கடலூர் ஓ.டி. ஸ்டேஷனுக்கு வந்து, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தூண் மறைவில் நல்ல காற்று வருகிற ஓர் இடத்தைப் பார்த்து, ஆகா என்று படுக்கப் போகிறாள். அப்போது முத்தம்மாள் வருகிறாள். “எழுந்திரு தாயே, இது என் எடம். ராணின்னா உன் ஊருல வச்சுக்க!” கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அந்த ஆசிரியர்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். அதற்கப்புறம் ராணி என்ன ஆனாள் என்று ஒரு பெண் கேட்டாள். முத்தம்மாள் கொஞ்சம் யோசித்து, “போவட்டும், ஓரமா படுத்துக்கன்னு நவுந்து குடுத்தேன்” என்றாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் டிராயிங் வாத்தியாராக வாங்கிய ரிடையர்மென்ட் மாலையைவிட, மச்சான், அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பெரிது.

திரும்பி வந்தால் இங்கே வேறு கதை. பண்ருட்டி முந்திரி வியாபாரி சிங்காரம், தாங்கள் சொல்லியனுப்பிய அந்தச் சிங்காரம்தான், குடோன் பார்க்க வந்துவிட்டுப் போயிருந்தார். தங்கள் தங்கைதான் கதவைத் திறந்து காட்டியிருக்கிறாள். தரை பிடித்ததாம், கூரை பிடித்ததாம். ஆனால் சுவரைப் பார்த்துவிட்டு, பொங்கலுக்குள் சுத்தமாக வெள்ளையடித்து, உள்ளே குடியிருக்கிறவர்களையும் வெளியே அனுப்பிவிட்டால்தான் மூட்டை இறக்குவேன் என்றாராம். நியாயம்தானே. குடோன் தங்களுடையது, அதற்கு நான் சாவி வைத்திருப்பவன் மட்டுமே.

ஆகவே மூவரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். பாதிதான் சொல்லியிருப்பேன். மிச்சத்தை அவர்களே சொன்னார்கள். “கொட்டாயத்தான் திரும்பக் கட்டிட்டாங்களே பாய், போறோம்” என்றார் கொளஞ்சியப்பன். “செவுரு போனா போவுது, வாயி இருக்குதுல்ல” என்றாள் முத்தம்மாள். வெள்ளையடிக்கிற வேலையைத் தாமே செய்வதாகப் பக்கிரி ஒப்புக்கொண்டிருக்கிறார். சுண்ணாம்பு வாங்கி ஊறப்போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வேலை தொடங்கும். தாங்கள் சஞ்சலப்பட ஒன்றுமே இல்லை. பொங்கல் கழிந்து தங்கள் குடோன் வெள்ளை வெளேரென்று, ஒரு கோடும் இல்லாமல், சிங்காரத்தின் மூட்டைகளோடு இருக்கும். இதை உறுதியாக நம்பலாம். எனக்கு வருத்தம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனாலும் இந்த இரண்டு மாதம் போல எனக்கு நிம்மதியாகப் போன காலம் வேறு இல்லை.

நோன்பு நெருங்குகிறது. தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும் ரப்பு தந்தருள்வானாக. சின்னவர்களுக்கு என் துஆவும் முத்தமும். பெரியவர்களுக்கு என் ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத
நூர்முகம்மது

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் தங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். அவள் சொல்வதை அப்படியே எழுதச் சொல்லிப் பக்கத்தில் நிற்கிறாள்: “குடோன் எங்க வாப்பா சொத்து. வாப்பா மவுத்தானப்போ பாகமே பிரிக்கல. அண்ணனுக்கு ரெண்டு பங்குன்னா தங்கச்சிக்கு ஒரு பங்கு, மார்க்கத்துலயே இருக்குது. படம் போட்டிருக்குற அந்த வடக்குச் செவுரும் அத ஒட்டுன எடமும் என் பங்கு. அங்க எவனும் சுண்ணாம்பு பூசக் கூடாது. அந்த மூணு பேரும் அங்கதான் இருப்பாங்க.” நேற்றே சிங்காரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டாளாம், மிச்ச இடம் போதுமென்றால் வரலாம் என்று, அவரும் போதும் என்று சொல்லிவிட்டாராம். ஊறிய சுண்ணாம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும். ஆகையால் மேலே நான் உறுதி கூறியது எதையும் தாங்கள் நம்ப வேண்டாம். இன்னொன்று. ‘விலாசம்’ இரண்டாம் இதழுக்குத் தங்கள் தங்கையும் ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதில் பினாங்கில் ஓர் அண்ணன் வருகிறார். அவர் நல்லவரா கெட்டவரா என்பதை, தங்கள் பதில் வந்த பிறகு சொல்கிறேன் என்கிறாள்.