ஓடுகிற ரவுட்டருக்கு ஒரு வைத்தியர்

பலகாரம் சுற்றும் அலுமினியத் தாளை முழ நீளத்துக்குக் கிழித்து, அதைத் தேங்காய்ச் சிரட்டை மாதிரிக் குழித்து, ரவுட்டரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, சாய்ந்துவிடாமல் இருக்க உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளை இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டிருக்கிறாரே ஒரு மனிதர், அவரை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த இனத்துக்கு வைஃபை வைத்தியர் என்று பெயர். நானுஓயாவில் இருப்பார், கந்தப்பளையில் இருப்பார், உங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியும் இருப்பார். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை. டவர் தெரிகிற சன்னல் ஒன்றும், வேலை ஓய்ந்த கைகள் இரண்டும் இருந்தால் போதும்.

மற்ற வைத்தியர்களிடம் நோயாளி போக வேண்டும். இவர் அப்படியல்ல. நன்றாக இருக்கிறதைத் தேடி வந்து நோயாளி ஆக்குவார்.

இந்த இனத்துக்கு நாம் எடுத்துக்கொள்ளும் மாதிரி, கொட்டகலை றொனால்ட். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து வாடி வரும் பதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் சொல்லிவிடுவார் என்று தோட்டத்தில் பெயர். அது உண்மைதான். தொல்லை என்னவென்றால், ஓய்வு பெற்றபோது தொழிற்சாலையைத்தான் விட்டு வந்தார், மூக்கைக் கையோடு கொண்டு வந்துவிட்டார். ரவுட்டரை முகர்ந்து பார்ப்பார். புறங்கையால் அதன் முதுகைத் தொட்டு, "சூடு ஏறிருச்சு" என்று சன்னலைத் திறப்பார். மூடுபனி இறங்கினால், "ஈரம் புடிச்சிருச்சு" என்று அதைக் கொண்டுபோய் அடுப்புக்கு மேலே பலகையில் வைப்பார். கொழுந்தை வாட்டினால் தேயிலை கிடைக்கும். ரவுட்டரை வாட்டினால்? ஒரு மூலை உருகித்தான் போனது. அதற்குப் பிறகும் அது ஓடுகிறது என்றால், செய்தவன் நல்லவன்.

மனைவி இராசம்மா படுக்கையில் கிடப்பவர்களைப் பராமரிக்க முறையாகப் படித்தவர். கொட்டகலையிலும் ஹட்டனிலும் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டவர். அறுபத்தைந்து தாண்டியும் அந்த வேலைக்குப் போய் வருகிறவர். நிம்மதியாகத் தூங்கும் நோயாளியைத் தட்டி எழுப்பித் தூக்க மாத்திரை கொடுக்கிற மனிதர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஒருவரைக் கட்டியும் இருக்கிறார்.

சரி, றொனால்டுக்கு இண்டர்நெட் எதற்கு? நியாயமான கேள்வி. கார் ஓட்டப் பந்தயம் பார்க்க. நம் ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கிற மாதிரியானது இல்லை. அதற்கு ஒருமுறை போய், மேட்டில் நின்று, முகமெல்லாம் சேறு வாங்கிக்கொண்டு வந்தவர், 'இதெல்லாம் ஒரு ரேஸா?' என்று அன்றே தள்ளிவிட்டார். அவர் பார்ப்பது அமெரிக்காவில் ஸ்டொக் கார் என்று ஓட்டுகிறார்களே, அது. பார்ப்பதற்கு வீட்டுக் கார் மாதிரி, உடம்பெல்லாம் விளம்பரம் ஒட்டி, முட்டை வடிவப் பாதையில் நாற்பது கார்கள் ஒன்றின் வாலை ஒன்று முட்டிக்கொண்டு சுற்றும். பார்க்கத் துணை வேண்டும். அதற்கு அதே தொழிற்சாலையில் லொறி ஓட்டிய வீரய்யா, பின்வீட்டுக்காரர், பிளேன்டீக்கு ஆசைப்பட்டு வந்து உட்காருவார்.

"எங்கய்யா போறானுங்க இவனுங்க?"

"எங்கயும் போகல வீரய்யா. சுத்துறானுங்க."

"சுத்திட்டு?"

"எடுத்த எடத்துக்கே வந்துருவானுங்க."

"அதுக்கு அங்கனயே நின்னுருக்கலாமே ஐயா. பெட்ரோலாவது மிஞ்சும்."

"ஒனக்கு இதெல்லாம் வெளங்காது. டெக்னிக்கு."

"எல்லாப் பயலும் எடது பக்கமே திருப்புறான். நம்ம ரோட்டுல விட்டா மொத வளைவுலயே கொழுந்துக்குள்ளதான் கெடப்பான்."

லொறிக்காரன் பேச்சை யார் கேட்கிறார்கள்? றொனால்ட் பந்தயத்திலிருந்து பெரிய ஞானம் ஒன்றைப் பெற்றுவிட்டார். நன்றாக ஓடுகிற கார் திடீரென்று ஓரமாக ஒதுங்கும். ஆட்கள் பாய்ந்து வந்து சக்கரம் மாற்றுவார்கள். கார் முன்பைவிட வேகமாகப் பறக்கும். அதற்குப் பிட் ஸ்டொப் என்று பெயர். சக்கரம் தேய்ந்ததால் மாற்றினார்கள் என்று நீங்களும் நானும் நினைப்போம். அவர் கண்ட உண்மை வேறு: ஓடுகிறதை நிறுத்தினால் வேகம் கூடும்.

அன்றிலிருந்து வீட்டில், எல்லாம் ஒழுங்காக ஓடும் நேரம் பார்த்து, "பிட் ஸ்டொப்!" என்று ஒரு குரல் கேட்கும். கேட்கும்போதே ப்ளக் கையோடு வந்திருக்கும். மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்த சிநேகிதி வாயைத் திறந்தபடியே உறைந்துபோவாள். அமெரிக்கக்காரனுக்குச் சில விநாடி. நம்முடைய ரவுட்டருக்கு ஒவ்வொரு விளக்காக எரிந்து, அணைந்து, யோசித்து, மறுபடி எரிய, ஒரு பானை சோறு வெந்துவிடும். வந்ததும் வைத்தியர் தன் ஃபோனில் வேகம் அளந்து பார்ப்பார். அளப்பதே டேட்டாவைக் குடிக்கிற வேலை. நாடி பிடித்துப் பார்க்க வருகிறவர் ஒவ்வொரு முறையும் ஒரு போத்தல் இரத்தம் எடுத்துக்கொண்டு போனால் எப்படி?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிதான், ஷாமிலாவின் இன்டர்வியூ வரும் வரையில்.

ஷாமிலா ஒரே மகள். தாயின் தொழிலையே படித்தாள். அதற்கு மேல் ஹட்டனில் ஜப்பான் பாஷை வகுப்புக்குப் போய், விழுந்து எழும்பிப் பரீட்சையும் பாஸாகி, ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தாள். வீடியோவில் நேர்முகம். முதல்முறை எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் திரையில் இருந்த ஜப்பான்கார அம்மா, "எப்போது கிளம்பி வர முடியும்?" என்று கேட்டார். ஷாமிலா வாயைத் திறந்தாள். வெளியே ஹோலில் இருந்து "பிட் ஸ்டொப்!" என்றது குரல். விளக்குகள் திரும்பி வந்தபோது அந்த அம்மா போயிருந்தார்.

வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் நிலையத்துப் பெண் எடுத்துச் சொன்னாள்: "இன்னொரு தடவ தருவாங்க. இதுவும் கட்டானா அடுத்த வருசம்தான் ஷாமிலா." வேறு வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். சத்தமில்லாத அறை வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. பின்வீட்டில் வீரய்யாவின் சேவல்கள் இருக்கின்றன. ஃபோன் சிக்னலோ மலை மறைத்து அறைக்குள் வருவதில்லை. ஆக, டவர் தெரிகிற அந்த ஒரு சன்னலும், அதில் இருக்கிற உருகின ரவுட்டரும்தான் கதி.

"நான் தொடவே மாட்டேன்" என்றார் றொனால்ட்.

"சத்தியமா?"

"யேசு மேல சத்தியமா."

"அவர எதுக்கு இதுல இழுக்குறீங்க? கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க, போதும்" என்றார் இராசம்மா.

நேர்முகத்தன்று காலை மூடுபனி சன்னலில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஷாமிலா கதவைச் சாத்திக்கொண்டாள். இராசம்மா ஹோலில் துணி மடிக்க உட்கார்ந்தார். றொனால்ட் எதிரே உட்கார்ந்தார். கண் ரவுட்டரில் இருந்தது. அதன் விளக்குகள் எல்லாம் பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் எரிந்தன. வைத்தியருக்கு அதைவிட வேதனை வேறென்ன இருக்கிறது? அறைக்குள் ஷாமிலா சரளமாகப் பேசுகிறாள். அந்தப் பக்கத்து அம்மா சிரிக்கிறார். தானாக எழும்ப முடியாதவரை எப்படிப் புரட்டுவது என்று கேட்டிருக்க வேண்டும். தலையணையைத் தட்டிச் செய்து காட்டும் சத்தம் கேட்கிறது. றொனால்ட் கால் மாற்றிப் போட்டார். கழுத்தைச் சொறிந்தார். ஃபோனை எடுத்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மா, ஸ்பீடு பாத்தேன். பதினொன்னுதான் காட்டுது."

"அவ பேசிக்கிட்டுத்தானே இருக்கா."

"பேசுறா. ஆனா இது பதினாலு வர்ற லைனு, இராசம்மா. பனி ஏறிருச்சு. ஒரு சின்ன பிட் ஸ்டொப்பு போட்டா..."

எழும்பினார். கை முன்னால் போய்விட்டது, ஆள் பின்னால் போனார். அறைக்குள் அந்த அம்மா எதையோ நிதானமாகக் கேட்கத் தொடங்கியிருந்தார்.

இராசம்மா கத்தவில்லை. கத்தினால் அறைக்குள் கேட்கும். பராமரிப்பு வேலையில் படிக்கிற முதல் பாடம், நோயாளி எதைப் பிடுங்கப் போகிறாரோ அந்தக் கைக்கு வேறு வேலை கொடுப்பது. மூலையில் இருந்த வேலைப் பையிலிருந்து பிரஷர் பார்க்கும் மெஷினை எடுத்தார்.

"ஒக்காருங்க. கைய நீட்டுங்க."

"இப்ப எதுக்கு?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க."

எத்தனையோ கர்னல்மார்களும் கங்காணிமார்களும் கீழ்ப்படிந்த குரல் அது. றொனால்ட் உட்கார்ந்தார். பட்டி புஜத்தைச் சுற்றி இறுகியது. மெஷின் முனகிக் காற்று அடித்தது.

"அசையாதீங்க. பேசாதீங்க. அளவு தப்பும்."

எண் விழுந்தது. இராசம்மா அதைப் பார்த்தார். மறுபடி பொத்தானை அழுத்தினார். முதல் தடவை ஆளைக் கட்டிப்போடச் செய்த தந்திரம். இரண்டாம் தடவையும் அதே உயரத்தில் எண் வந்து நின்றபோது அது தந்திரமாக இல்லை.

"இராசம்மா" என்றார் றொனால்ட், மெதுவாக.

"பேசாதீங்கன்னேன்."

"புள்ள போயிருவாளா?"

மெஷின் காற்றை விட்டது. இராசம்மாவுக்கு அந்த முதல் நேர்முகம் ஞாபகம் வந்தது. எந்தக் கேள்வியில் ப்ளக் கழன்றது என்பதும் வந்தது. வேண்டுமென்று செய்தாரா? இல்லை. வைஃபை வைத்தியர் எதையுமே வேண்டுமென்று செய்வதில்லை. கை தானாகப் போகிறது. அனுப்புகிறது யார் என்று கைக்கே தெரிவதில்லை.

"போறதுக்குத்தானே படிச்சா" என்றார் இராசம்மா. "டொக்டர் குடுத்த பிரஷர் மருந்து போடுறீங்களா, இல்லையா?"

"போட்டா தல சுத்துது. நிப்பாட்டிட்டேன். நல்லாத்தானே இருக்கேன்?"

பாருங்கள், ரவுட்டரை மணிக்கொரு தரம் சோதிக்கிற மனிதர்! இராசம்மா திட்டத் தொடங்குவதற்குள் கதவு திறந்தது. ஷாமிலா நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"அம்மா, லைன் கட்டே ஆகல. எப்ப வருவன்னு கேட்டாங்க. எப்ப வேணும்னாலும்னு சொல்லிட்டேன். அப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. பிட் ஸ்டொப்பு" என்றார் இராசம்மா.

மறுநாள் காலை செய்தி வந்தது. ஷாமிலாவை எடுத்துக்கொண்டார்கள், மெடிக்கலுக்குக் கொழும்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள். றொனால்ட் சன்னல் பக்கம் திரும்பி, ரவுட்டருக்குப் பின்னால் இருந்த அலுமினியத் தாளை நிமிர்த்தி வைத்தார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, பின்வீட்டுக்குக் கேட்கும்படி, "நான் வச்ச தகடு, வீரய்யா! அதுதான் புடிச்சுக் குடுத்துச்சு!" என்றார். இராசம்மா மறுத்துப் பேசியிருக்கலாம். அதற்கு நேரமில்லை. "சேர்ட்டப் போடுங்க" என்று சொல்லி, ஆளை பஸ்ஸில் ஏற்றி, கிளினிக்கில் கொண்டுபோய் வாங்குப் பலகையில் உட்காரவைத்தார். டொக்டர் பார்த்து, நிறுத்தின மருந்தை மாற்றி எழுதிக் கொடுத்து, மாதாமாதம் வந்து காட்டச் சொன்னார். றொனால்ட் பவ்யமாகத் தலையாட்டினார். ஆட்டிய தலை மேலே பார்த்தபடி நின்றுவிட்டது. மருந்து அலுமாரியின் உச்சியில், பழைய ஃபைல்களுக்கு நடுவே, பச்சை விளக்கெல்லாம் எரிய ஒன்று உட்கார்ந்திருந்தது.

"மிஸ்" என்று தாதியைக் கூப்பிட்டார். "இத யாரு இங்க வச்சது? ஒரு ஸ்டூல் இருக்குங்களா?"

இராசம்மா அவர் சேர்ட்டின் பின்பக்கத்தைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது, நீங்கள் அந்த இனம் இல்லை என்று நானும் நம்பவே ஆசைப்படுகிறேன். போன மாதம் மருமகள் வீட்டுக்குப் போனபோது, அவள் சமையலறையில் இருந்த நேரம் பார்த்து, ஒரு தொந்தரவும் இல்லாமல் தன்பாட்டில் கிடந்த ரவுட்டரைச் சும்மா ஒரு சாண் சன்னல் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தீர்களே, அன்றைக்கு நீங்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வைத்திருந்த சங்கதி என்ன?