கையில் ஹீட் கன், வாசலில் மாப்பிள்ளை வீடு

கூச்ச சுபாவம் உள்ளவனிடம் எதையாவது விளக்கிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்கவே கூடாது. மறுபடி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, புரிந்தது என்றுதான் அவன் சொல்வான். பஷீர் பாயிடம் நான் அப்படித்தான் சொன்னேன்.

கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டு வாசல் கதவு, பழைய பெயின்ட் மேல் பெயின்ட் ஏறி, முதலைத் தோல் மாதிரி வெடித்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் ரம்யாவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பையனை அவளுக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது. (அவள் சொல்லவில்லை. மற்ற பையன்களின் போட்டோ எல்லாம் ஃபிரிட்ஜ் மேலேயே தூசி படிந்து கிடந்தது. இந்தப் போட்டோவை மட்டும் காணோம்.) இந்த இடம் தட்டிப்போகக் கூடாது என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. பெயின்டரோ எப்போது கேட்டாலும் "நாளைக்கு வந்துடுறேன் சார்" என்பதோடு சரி. அதனால் நானே இறங்கினேன்.

பஷீர் பாய் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுபவர். அவரிடம் ஹீட் கன் இருந்தது.

"அண்ணே, இது முடி காய வெக்கிற மிஷின் இல்ல. காத்துதான் வரும், ஆனா நெருப்பு மாதிரி வரும். ஒரே எடத்துல காட்டிகினு நிக்காத, நவுத்திகினே இரு. பெயின்ட் பொங்குனதும் பிளேடால சுரண்டு. மாஸ்க் போட்டுக்க, பழைய பெயின்ட் பொகை நெஞ்சுக்கு ஆவாது. கீழ வெக்கறதுன்னா ஆஃப் பண்ணி, மூக்கு மேல பாக்க நிக்க வை. கதவாண்ட தொங்குறது, கெடக்குறது எல்லாத்தையும் மொதல்ல எடுத்துடு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது பாய்."

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். தோரணத்தைக் கழற்றினேன். அடுத்து, நிலையில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய திருஷ்டிப் படிகாரத்தில் கை வைத்ததும் உள்ளேயிருந்து என் மனைவி வசந்தாவின் குரல் வந்தது.

"அதத் தொடாதீங்க! பொண்ணு பாக்க வர்ற நேரத்துல திருஷ்டியக் கழட்டுவாங்களா? அமாவாசைக்குத்தான் மாத்தணும்."

பாய் கழற்றச் சொன்னார் என்று சொல்ல வாயெடுத்தேன். (எடுத்ததோடு சரி. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாய் அப்படியேதான் இருக்கிறது.) படிகாரம் தொங்கட்டும், சுற்றிலும் பார்த்து அனலைக் காட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். இந்த யோசனையில் கால் மிதியை மறந்தே போனேன்.

வேலை என்னவோ அருமையாகத்தான் போனது. பெயின்ட் அப்பளம் மாதிரிப் பொங்கியது. பிளேடு வைத்தால் வழித்துக்கொண்டு வந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. அந்த மிதப்பில் மேல் பலகைக்குப் போனேன்.

படிகாரம் முதலில் வியர்த்தது. பிறகு உருகியது. நான் கையை எடுப்பதற்குள் புஸ்ஸென்று நுரைத்து, வெள்ளை வெளேரென்று உப்பி, கயிறு அறுந்து காலடியில் விழுந்தது.

எதிர்வீட்டுக் கஸ்தூரி அக்கா ஓடி வந்தார். திருஷ்டி சுற்றி நெருப்பில் போட்ட படிகாரம் பொரிந்தால், கண் வைத்தவரின் முகம் அதில் தெரியும் என்று நம்புகிறவர் அவர்.

"வசந்தா, ஓடியா! உங்க வூட்டுல கண்ணு வச்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இதோ பாரு, கொண்ட. இது கண்ணாடி. மூக்கப் பாரேன், கொடமொளகா கணக்கா! எவளோ ஒரு பொம்பளதான்!"

வசந்தா குனிந்து பார்த்தாள். "இப்டி ஒரு மூக்கு நம்ம சொந்தத்துலயே கெடையாதே அக்கா!"

"ஏகாம்பரம் சார் வீடு இதுதானுங்களே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். கொண்டை. கண்ணாடி. மூக்கு.

போட்டோவில் பையனுக்குப் பக்கத்தில் நின்ற அதே அம்மா. கூடவே வெள்ளை வேட்டியில் அவர் தம்பி.

"படப்பையில ஒரு கல்யாணம். போற வழிதானே, நாளைக்கு வீடு தேட வேணாமேன்னு..." என்றவர், கீழே கிடந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஏதாவது செய்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு கைகளையும் கூப்பி வணக்கம் சொன்னேன். கைகளுக்கு நடுவில் ஹீட் கன் ஓடிக்கொண்டிருந்தது. அனல் நேராகத் தம்பியின் கழுத்துக்குப் போனது.

"யோவ்!" என்று ஒரே தாவலில் அவர் தெரு நடுவில் நின்றார்.

பதறிப்போய்க் கருவியைக் கீழே வைத்தேன். அணைக்காமல். மூக்கு கீழே பார்க்க. தேங்காய் நார் மிதியின் மேல்! நார் புகைந்து, ஓரத்தில் செக்கச்செவேலென்று கனிந்தது. வசந்தா கத்தினாள். கஸ்தூரி அக்கா கத்தினார். நான் வணக்கத்திலேயே நின்றேன்.

நைட்டியும் தலையில் எண்ணெயுமாக ரம்யா வந்தாள். முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். மிதியைக் காலால் தெருவுக்குத் தள்ளி, வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள். தம்பி ஹீட் கன்னை எடுத்து வைக்கக் குனிந்தபோது, "தொடாதீங்க அங்கிள், ஆஃப் பண்ணாலும் சுடும்!" என்று அதட்டினாள். அதற்குப் பிறகுதான் அந்த அங்கிள் யார் என்று நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, எனக்கு அந்தப் படிகாரத்தோடு சேர்ந்து உருகிவிடலாம் போல இருந்தது. என் கதவு ஆசை அவள் கல்யாணத்தையே சுரண்டிவிட்டது.

அந்த அம்மா குனிந்து படிகாரத்தையே உற்றுப் பார்த்தார்.

"தம்பி, என் மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு?"

கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த தம்பி வானத்தைப் பார்த்தார். (விவரமான மனிதர்.)

"நாளைக்கு நாங்க பொண்ணு பாக்க வரலீங்க" என்றார் அந்த அம்மா.

வசந்தா நிலையைப் பிடித்துக்கொண்டாள். கஸ்தூரி அக்கா சத்தமில்லாமல் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அதான் பாத்தாச்சே. வந்தா தட்டு மாத்தத்தான் வருவோம். எங்க வீட்ல ஏதாவது ஒண்ணுன்னா மூணு ஆம்பளைங்களும் உங்கள மாதிரியேதான் கையக் கட்டிகினு நிப்பாங்க. பிளக்கப் புடுங்க எங்களுக்கு ஒரு ஆள் வேணும்."

ரம்யா உள்ளே ஓடிவிட்டாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கதவை அந்தப் பெயின்டரே வந்து முடித்தார். சம்பந்தியம்மா இன்றும் எங்கள் வாசலுக்கு வந்தால் உடனே உள்ளே நுழைய மாட்டார். "சம்பந்தி, கையக் காட்டுங்க" என்பார். தெருவே வேடிக்கை பார்க்க, நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.