சும்மா பார்க்க வந்தவர்

வாசலை அளப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அளப்பார்கள், வாங்குவார்கள், தவணை கட்டுவார்கள், தீர்ந்தது. அளக்காமல் இருப்பதையே ஒரு தொழிலாக வைத்திருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டியவர்கள். "வீட்டு வாசல் அகலம் எவ்வளவு சார்?" என்று கடையில் கேட்டால், நெற்றியில் தட்டிக்கொண்டு "அடடா, அதை மறந்துட்டேனே" என்று சொல்வதற்காகவே அளவு நாடாவை வீட்டில் எங்கோ தொலைத்து வைத்திருப்பவர்கள். இந்த இனத்துக்குப் பெயர், சும்மா பார்க்க வந்தவர். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் சோதனைப் புட்டியிலிருந்து வாசனைத் திரவியத்தை இரண்டு மணிக்கட்டிலும் அடித்துக்கொண்டு, "கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று முகம் சுளித்துவிட்டுப் போனாரே, அவரேதான்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர், ஒரு சனிக்கிழமை காலை, தொலைந்துபோன நாடாவைத் தானே தேடி எடுத்துக்கொண்டு வந்து, "பாப்பா, இந்த முனையைப் பிடி" என்றார். பாப்பா என்பது அவருடைய மகள். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் பொறியாளர். தலையில் இரண்டு மூன்று நரைகூட இருக்கிறது. அவள் முனையைப் பிடித்தாள். அவர் வாசல் நிலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நாடாவை இழுத்து, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் படித்தார்.

"தப்புப்பா. கதவு முழுசா மடங்காது, பாதியிலேயே நிக்குது. அதோட கனம் வழிக்குள்ளதான் இருக்கு. அதைக் கழிக்கணும்."

"கழி."

கழித்தாள். கடையிலிருக்கும் சோபாவின் அளவு அவருக்கு மனப்பாடம். அதைச் சொன்னார்.

"வராது. மூணு விரல் இடிக்கும்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரிசுச் சீட்டு விழுந்தவர்கூட அப்படி மலரமாட்டார். இத்தனை வருடம் பொய்க்காரணம் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தவருக்கு, நிஜக் காரணம் ஒன்று கையில் கிடைத்திருக்கிறது. ஆனால் மலர்ச்சி கொஞ்ச நேரம்தான். கதவின் கீலைக் குனிந்து பார்த்தார்.

"கதவைக் கழட்டிட்டா?"

"கழட்டிட்டா வரும்."

"ம்," என்றார். நாடாவைச் சுருட்டினார். அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அடுத்த ஞாயிறு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

போனவரைக் கேலி செய்யலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அவரிடமே கேட்டிருந்தால், "பண்ணட்டும், காசா பணமா?" என்றுதான் சொல்லியிருப்பார்.

விலைவாசி ஏற ஏற இந்த இனம் பெருகும். நகரத்தில் வேலை போனவர்கள் பலவிதம். சிலர் குடிப்பார்கள், சிலர் ஊரைத் திட்டுவார்கள், சிலர் வீட்டிலிருப்பவர்களைத் திட்டுவார்கள். இவர் கணக்கு மேலாளராக இருந்த அச்சகம் ஒருநாள் கதவைச் சாத்தியபோது, இவர் ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்தார். "வருமானம்தான குறைஞ்சிருக்கு? வாழ்க்கைத்தரம் எதுக்குக் குறையணும்?" அதாவது, குளிரூட்டிய அறைகள், மெத்தென்ற நாற்காலிகள், சுத்தமான குடிநீர், செய்தித்தாள்கள், இவையெல்லாம் நகரத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை இன்னொரு முறை காசு கொடுத்து வீட்டில் வேறு வாங்கி வைப்பானேன்?

ஆகவே காலையில் அவருடைய கூடம் வங்கிக் கிளை. வரிசை எண் சீட்டை எடுத்துக்கொண்டு உட்காருவார். எண் வந்ததும் பக்கத்திலிருக்கும் அவசரக்காரருக்குச் சீட்டைத் தானம் செய்துவிட்டு, அவர் வாழ்த்தும்போதே எழுந்து போய்ப் புதுச் சீட்டு எடுத்து வருவார். படிப்பறை, கார் விற்பனைக்கூடம். அங்கே செய்தித்தாளோடு காபியும் உண்டு. சிற்றுண்டி, பல்பொருள் அங்காடியில் பல்குச்சி குத்தி நீட்டும் பாலாடைக்கட்டித் துண்டு. அதை வாயில் போட்டுக் கண்ணை மூடி, நீட்டிய பெண்ணிடம் "இது எத்தனை மாசம் பதப்படுத்தினது?" என்று கேட்பார். அவள் பாவம், உள்ளே போய் விசாரித்துக்கொண்டு வருவாள். வருவதற்குள் அவர் இரண்டாவது துண்டின் மூலமாகப் பதிலைத் தாமே கண்டுபிடித்திருப்பார்.

இதெல்லாம் யாருக்கும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இதற்கு உடுப்பு வேண்டும். தேய்த்த சட்டை, பளபளக்கும் காலணி. "செக்யூரிட்டி முகத்தைப் பாக்க மாட்டான் பாப்பா, காலைத்தான் பாப்பான்." பிறகு ஒரு பை. பெரிய கடை ஒன்றின் கெட்டிக் காகிதப் பை. எப்போதோ யாரோ பரிசு கொடுத்தபோது வந்தது. பிடி அறுந்ததும் நைலான் கயிற்றால் தைத்து வைத்திருந்தார். உள்ளே ஒரு துண்டு, பை உப்பித் தெரிவதற்காக. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அந்தப் பை அவருக்கு முன்னால் போய், இந்த ஆள் வேறொரு இடத்தில் ஏற்கெனவே வாங்கியவர் என்று சாட்சி சொல்லும்.

எல்லாவற்றுக்கும் மேலாக வெளியே வரத் தெரிய வேண்டும். நுழைவதா பெரிய விஷயம்? முட்டாள்கூட நுழைவான். "வீட்ல கலந்து பேசிட்டு சொல்றேன்" என்பது ஆரம்பப் பாடம். "இதுலயே வேற கலர் இருக்கா?" என்பது தேர்ந்தவர்களுக்கு. எந்த நிறம் இல்லை என்று முதலில் நோட்டம் விட்டுவிட்டு அதைத்தான் கேட்க வேண்டும். ஒருமுறை விளக்குக் கடையில் இவர் கேட்ட நிறத்தைக் கிடங்கிலிருந்து தேடிப்பிடித்து, தூசி தட்டி, இவர் முன்னால் வைத்தே விட்டார்கள். வேறு யாராவது என்றால் அங்கேயே மாட்டியிருப்பார்கள். இவர் விளக்கை நெடுநேரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "இவ்வளவு நல்லா இருக்கும்னு எதிர்பார்க்கலை. அதான் யோசனையா இருக்கு," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். கடைக்காரர் இன்றுவரை அந்த வாக்கியத்துக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

மகளுக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. ஒருநாள் பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனாள். கையெல்லாம் மசகு. வரவேற்புக்கூடத்தில், பார்வையாளர் நாற்காலியில், கால்மேல் கால் போட்டு அப்பா. அவரும் பார்த்துவிட்டார். வரவேற்பாளர் பெண் அந்த நேரம் பார்த்து, "சார், நீங்க யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

"அதோ அவங்களைத்தான். லிஃப்ட் சரியாயிடுச்சான்னு சும்மா பாக்க வந்தேன்," என்றார்.

மகள் லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டாள். மேலே அப்பாவுக்குக் கூடுதலாக ஒரு காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். மேலதிகாரி என்று நினைத்துவிட்டார்கள்.

இந்தக் கலை செல்லாத இடம் ஒன்று உண்டு. மருந்துக் கடை வாசலில் அவ்வப்போது மேஜை போட்டு இலவசமாக இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். இவர் விட்டதே இல்லை. கடைசியாகப் பார்த்தபோது அங்கிருந்த செவிலி பட்டையைக் கழற்றாமலே, "சார், இது நல்லா இல்லை. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கூட யாராவது இருக்காங்களா?" என்றாள். இவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். காகிதப் பையை எடுத்துக்கொண்டார்.

"வீட்ல கலந்து பேசிட்டு சொல்றேன்," என்றார்.

வீட்டில் கலந்து பேசவில்லை. மருந்துக் கடைக்காரர் துக்கம் விசாரிக்க வந்தபோது சொல்லித்தான் தெரியும். அந்த மனுஷர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சரி, சோபாவுக்கு வருவோம்.

ஞாயிறு மாலை குடும்பக் கலை. அன்றைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு அறைகலன் கடைக்குப் போவார். அந்த அம்மாளுக்கு இடுப்புவலி. வீட்டிலிருப்பவை பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்து எழுந்தால் "அப்பாடா" என்ற சொல் மூன்று தவணைகளில் வரும். கடையின் மாடியில், ஜன்னலோரமாக, மூன்று பேர் உட்காரும் சாம்பல் நிற சோபா ஒன்று. அதன் இடப்பக்கம் அம்மாள், வலப்பக்கம் இவர், நடுவில் காகிதப் பை. விளக்கெல்லாம் போட்டு, பாட்டு மெல்லியதாக ஓடும். எதிரே விலைச்சீட்டு தொங்கும் பெரிய தொலைக்காட்சி. இவர் அம்மாளிடம் ஊர்க்கதை பேசுவார். வீட்டில் அவ்வளவு பேசமாட்டார்.

விற்பனையாளர் டை கட்டிய நடுத்தர வயதுக்காரர், விவரமானவர். ஒவ்வொரு வாரமும் வந்து, "முடிவு பண்ணிட்டீங்களா சார்?" என்று கேட்பார்.

"முடிவு எப்பவோ பண்ணியாச்சு. வாசல் அளவுதான்."

"எடுத்துட்டு வந்துடுங்க சார்."

"அடுத்த வாரம்."

இருவருக்கும் தெரியும். இது வழிபாடு மாதிரி. நடுவில் யாரும் சந்தேகம் கேட்கக்கூடாது.

மகள் கேட்டாள். அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "அப்பா, நான் வாங்கித் தரேன். இந்த மாசமே."

"வாங்கலாம்."

"பின்ன என்ன?"

"வாங்கிட்டா ஞாயித்துக்கிழமை எங்க போறது?"

"வீட்ல உக்காந்து அதே சோபால பேசுங்க."

"வீட்ல என்ன பேசறது?" என்றார். கேலியாகத்தான் சொன்னார். அவர் மனைவி சமையலறையில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அம்மாவின் இடுப்பை அப்பா தம்முடைய சாமர்த்தியத்துக்காக வாரம் முழுக்கப் பிளாஸ்டிக்கில் வைத்திருக்கிறார் என்று மகளுக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடுதான் அவள் அந்தச் சனிக்கிழமை நாடாவின் முனையைப் பிடித்தாள்.

அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் குளிர்பெட்டியில் கொண்டுவந்தார்கள். நான்கு பேர் தூக்கினார்கள். வாசலில் சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு யோசனை. இடித்தது. "கொஞ்சம் இறக்குங்க," என்றாள் மகள். பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் கீல்களைக் கழற்றினாள். கதவைத் தூக்கிச் சுவரோடு சாய்த்தாள்.

வந்தது.

அவர் கேட்ட கேள்விக்குச் செய்முறை விளக்கம். மகளுக்கு ஒரு கணம் சிரிப்புத்தான் வந்தது. மற்றவர்கள் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு அவள் தோளைத் தட்டினார்கள்.

கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, அம்மா ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"நாடாவை அவரேதான் தேடி எடுத்தாரா?"

"ஆமாம்மா."

"கதவைக் கழட்டிட்டா வருமான்னு அவரேதான் கேட்டாரா?"

"அவரேதான்."

"அப்ப வாங்கற எண்ணம் இருந்திருக்கு."

மகள் கணக்குப் போட்டாள். இல்லை என்றால் அம்மாவுக்கு வாழ்நாள் முழுக்கக் கடைச் சோபாதான் மிச்சம். ஆமாம் என்றால் பொய்யாகிவிடலாம். பொறியாளர்களுக்குத் தகவல் போதாவிட்டால் வாய் திறக்காது. "ஞாயித்துக்கிழமை போய் வாங்கிடலாம்மா," என்று மட்டும் சொன்னாள்.

போனார்கள். மகளின் பையில் பணம், நாடா, திருப்புளி மூன்றும் இருந்தன. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, காகிதப் பையையும் எடுத்துக்கொண்டாள். மாடியில் அதே சோபா. அம்மா இடப்பக்கம் உட்கார்ந்தாள், பையை நடுவில் வைத்தாள். மகளுக்கு வலப்பக்கம்தான் மிச்சம். உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, அந்த மெத்தையில் ஓர் ஆள் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. காட்சிக்கு வைத்த சோபா, கடைக்காரருக்கு நஷ்டம்.

டை கட்டியவர் வந்தார். வலப்பக்கம் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். விவரமானவர் என்று சொன்னோமே, சார் எங்கே என்று கேட்கவில்லை.

"முடிவு பண்ணிட்டீங்களாம்மா?"

"முடிவு எப்பவோ பண்ணியாச்சு," என்றாள் அம்மா.

"வாசல் அளவு?"

மகள் வாயைத் திறந்தாள். எண் நாக்கு நுனியில் இருந்தது. கதவின் கனத்தைக் கழித்தது ஒன்று, கழிக்காதது ஒன்று. அம்மா பையைத் தாண்டிக் கையை நீட்டி அவள் முழங்கால்மேல் வைத்தாள். அழுத்தினாள்.

"அவர் எடுத்துட்டு வரேன்னாரு. மறந்துட்டாரு," என்றாள் அம்மா. "அடுத்த வாரம் கொண்டுவரோம், தம்பி."

"மெதுவா கொண்டுவாங்கம்மா."

ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது மகளுக்கு. எதிரே விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. பாட்டு மெல்லியதாக ஓடியது.

"இதுலயே வேற கலர் இருக்கா?" என்றாள்.

அம்மா ஊர்க்கதை பேச ஆரம்பித்தாள்.

நீங்கள் சிரிக்கலாம். உங்களுக்கு அந்த வழக்கம் இல்லை, தெரியும். ஆனால் இந்தப் பக்கம்வரை வந்துவிட்டீர்களே, எங்கே நின்றுகொண்டு படிக்கிறீர்கள்? புத்தகக் கடையிலா? குளிர் நன்றாக இருக்கிறதா? கடைக்காரர் இரண்டு தடவை உங்கள் பக்கம் வந்துவிட்டுப் போய்விட்டார். மூன்றாவது முறை வரும்போது வேறு கலர் மட்டும் கேட்காதீர்கள், புத்தகத்துக்கு அது எடுபடாது. வீட்டில் கலந்து பேச வேண்டும் என்று சொல்லுங்கள். சொன்னால், தயவுசெய்து வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

இன்னொன்று. ஞாயிறு மாலை அந்த அறைகலன் கடைப்பக்கம் போனால், ஜன்னலோரச் சாம்பல் நிற சோபாவில் இடம் இருக்காது. நடுவில் இருக்கும் பையை நகர்த்தச் சொல்லாதீர்கள். அந்தச் சோபாவை விற்கவும் மாட்டார்கள். யாரோ ஒருவர் வாசல் அளவு கொண்டுவர வேண்டியிருக்கிறதாம்.