மண்டை ஓட்டுப் போர்டும் ராஜாமணி கலியாணமும்

திண்டிவனம்,
9-3-69

விழுப்புரம் விவசாய ஆபீசில் சீலும் கையுமாக இருக்கும் சிரஞ்சீவி அரங்கநாதனுக்கு, உன் அக்கா பாஞ்சாலியின் புருஷன் சக்கரபாணி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் புல்லைத் தவிர யாவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு மட்டும் பதில் போடவும், சட்டதிட்டம் எழுத வேண்டாம்.

நம் பெண் ராஜாமணியைப் பார்க்க வெள்ளிக்கிழமை உங்கள் விழுப்புரத்துப் பக்கம் காணையிலிருந்து வருகிறார்கள். பையனுக்கு மெட்ராசில் உத்தியோகம் என்பதால், வாசலில் பங்களா மாதிரி புல்தரை போட்டு, அதில் நாற்காலி போட்டுக் காப்பி கொடுக்கலாம் என்று நினைத்தேன். ரிட்டயரானவன் நினைக்கக்கூடாதா? புல் முளைத்தது, கூடவே கோரையும் மூக்கிரட்டையும் முளைத்தன, பிடுங்கப் போனால் உன் அக்கா, "அது கீரைங்க, அதையும் புடுங்கிட்டா கொழம்புக்கு எங்க போறது" என்று மறிக்கிறாள், ஆகவே அவள் கோயிலுக்குப் போன சமயம் பார்த்துக் களைக்கொல்லி வாங்கிப் பம்பில் ஊற்றி அடித்தேன். மூடியளவு போதும் என்று போட்டிருந்தது. கலியாண காரியத்தில் கஞ்சத்தனம் ஆகாது என்று புட்டியையே கவிழ்த்தேன். மூக்கிரட்டையோடு புல்லும் செத்தது, கோரை கொழுத்தது. காற்று வாக்கில் பக்கத்து வீட்டு அந்தோணிமேரி டீச்சரின் கத்திரிச்செடிகள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன.

அந்தம்மாள் உன் ஆபீசுக்கு மனுப் போட்டாள், நீ வந்தாய், மல்லாட்டைக் கடலைச் சட்னியோடு இட்டிலி தின்றாய், தின்ற வாயைத் துடைத்துக்கொண்டு, "புது உத்தரவு மாமா. மருந்தடிச்ச எடத்துல ஒரு மாசத்துக்கு ஆளும் மாடும் கால் வெக்கக்கூடாது" என்று மண்டை ஓடு வரைந்த போர்டை என் வாசலில் நட்டுவிட்டுப் போனாய். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான். 'விஷம், உள்ளே வராதே' என்று எழுதின வீட்டில் எவன் பெண் எடுப்பான்? தபால்காரர் பெரியதம்பி தெருவிலிருந்தே கடிதத்தை எறிகிறார். உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் ராஜாமணி முகத்தில் எப்படி விழிப்பேன்? எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது. இதைத் தந்தியாகப் பாவித்து, வெள்ளிக்கிழமைக்குள் போர்டைப் பிடுங்க உத்தரவு அனுப்பவும்.

குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உன் சம்சாரத்தை விசாரித்ததாகச் சொல்லவும். உன் சீலுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

இப்படிக்கு,
மாமா சக்கரபாணி

பி.கு.: ஸ்டாம்பு விற்கும் பெரியதம்பி வாசல் பக்கமே வராததால் இக்கடிதம் வெள்ளிக்கிழமை வரை வீட்டிலேயே கிடந்தது. காணைக்காரர்கள் வந்து, போர்டைப் படித்துவிட்டுத் தெருவிலேயே நின்றுவிட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் வேர்த்துக்கொண்டிருக்க, ராஜாமணி கொல்லை வழியாகச் சுற்றிப் போய், "பயப்படாதீங்க, எங்க மாமா வெச்ச சர்க்கார் போர்டு. பின்னால வாங்க" என்று எல்லோரையும் மாட்டுக்கொட்டகை வழியாக அழைத்து வந்தாள். பையனின் அப்பா தாண்டவராயன் மாட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வாசல்ல கோரைய வளர்த்துக்கினு இருக்காரே, இது வூடான்னு நெனச்சேன். கொட்டாயும் சுத்தம், பொண்ணு பேச்சும் சுத்தம்" என்றார். வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. ஆகையால் போர்டு இருக்கட்டும். கோடை லீவுக்குக் குடும்பத்தோடு வந்து தங்குவதாக எழுதியிருந்தாய். உத்தரவு எல்லோருக்கும் ஒன்றுதான். கலியாணத்துக்கு மட்டும் வந்தால் போதும். அந்த ஒரு மாசத்தை ஆடி வரைக்கும் நீட்டி எழுதி, கொல்லைப்புறத்துக்கும் ஒரு போர்டு அனுப்பி வைக்கவும்.