பதினேழாவது ஷரத்து

ஒரு காட்டில் இது நடந்தது என்று மலையணில் ஒன்று சத்தியம் செய்தது. நடந்திருக்காது என்றுதான் இதைச் சொல்பவனுக்குப் பல வருடங்களாகத் தோன்றிக்கொண்டிருந்தது. இருவாச்சிப் பறவைகள் ஆயுசுக்கும் ஜோடி பிரியாது என்று எங்கோ படித்த ஞாபகம். "எழுதினவங்க எங்க மரத்துல குடியிருந்தாங்களா?" என்று கேட்டது அணில்.

அந்தக் காட்டில் வேலப்பன் என்றோர் ஆண் இருவாச்சி வாழ்ந்தான். அவன் மனைவி பூவாத்தாள். அவள் முட்டையிட மரப்பொந்துக்குள் போனதும், இருவாச்சிகளின் வழக்கப்படி வாசலை மண்ணால் பூசி அடைத்தார்கள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டார்கள். அதன் வழியாக வேலப்பன் மூன்று மாதம் அத்திப்பழம் ஊட்டினான்.

மூன்று மாதம் கழித்துப் பூவாத்தாள் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏனுங்க, தொண்ணூறு நாளு. ஒரு நாளாச்சும் என்ன வேணும்னு கேட்டீங்களா?"

"அத்திப்பழம் உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்."

"அதத்தானுங்க சொல்றேன்" என்றவள், பக்கத்து மரத்துக்குக் குடிபோய்விட்டாள்.

இந்தப் பேச்சு முடிந்து வேலப்பன் திரும்பிப் பார்ப்பதற்குள், உள்ளே இருந்த குஞ்சு வாசலைத் தானே மறுபடி பூசிக்கொண்டுவிட்டது. அதுவும் அந்த இனத்தின் வழக்கம்தான். ஆகவே வேலப்பன் தன் பிள்ளையில் கண்டது இவ்வளவுதான்: கீறலில் ஓர் அலகு, அதற்கு மேலே ஒரு கண். அது வெளியே வந்து முதன்முதலாகப் பறக்கும்போது முழுசாகப் பார்த்துவிட வேண்டும். அவனுக்கு வேறு ஆசை இல்லை.

பிரிந்தவர்கள் பிள்ளை விஷயத்தை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது காட்டுச் சட்டம். எழுதித் தருபவர் முள்ளம்பன்றி ரங்கநாதன். ஷரத்துக்கு ஒரு முள் வீதம் தன் முதுகிலிருந்தே பிடுங்கி எழுதுவார். அதனால் எல்லோரிடமும் முதலில், "சுருக்கமா முடிச்சுக்கலாமே" என்று கெஞ்சிப் பார்ப்பார்.

முடியவில்லை. திங்கள், புதன், வெள்ளி தந்தைத் தரப்பு ஊட்ட வேண்டும். மற்ற நாட்கள் தாய்த் தரப்பு. ஒருவர் முறையில் மற்றவர் ஊட்டினால் மீறல். ஓணானைப் பிடித்து ஊட்டுவது பற்றி மூன்று ஷரத்து. ஒருவர் மற்றவரைப் பற்றிக் குஞ்சிடம் குறை சொல்லக் கூடாது என்பது பதினோராவது. அன்றிலிருந்து வேலப்பன் கீறலருகே உட்கார்ந்து, "உங்கம்மா மாதிரி பொறுமைசாலிய நான் பார்த்ததே இல்ல கண்ணு" என்று பல்லைக் கடித்தபடி சொல்லத் தொடங்கினான்.

பதினேழாவது ஷரத்து முதல் பறப்பு. இரு தரப்பும் முன்னிலையில் இருக்க வேண்டும் என்பதில் தகராறு இல்லை. வாசலுக்கு நேர் எதிரே இருப்பது ஒரே கிளை. அதில் யார் உட்காருவது?

"மூணு மாசம் உள்ள கெடந்தவ நான்."

"அதான் நீ பார்த்துட்டியே. நான் பார்க்கல."

"ரெண்டு பேருமே அதுல உட்காரலாமே" என்றார் ரங்கநாதன். இருவரும் அவரைப் பார்த்த பார்வையில் அடுத்த முள்ளைத் தானாகவே பிடுங்கினார்.

எட்டு நாள் பேசினார்கள். விடிந்ததும் ரங்கநாதனின் வளைக்கு வருவார்கள், கூடு அடையும் நேரத்துக்குத்தான் கிளம்புவார்கள். கல்யாணமான காலத்தில்கூட இவ்வளவு பேசியதில்லை. போகும் வழியில் அவரவர் முறைக்கு அவசரமாக ஊட்டிவிட்டுப் போவார்கள்.

"அப்பா, நான் எப்ப வெளிய வர்றது?" என்று கேட்டது குஞ்சு.

"ஷரத்து இன்னும் எழுதல கண்ணு. இந்த வாரம் முடிஞ்சிரும்."

ஒன்பதாம் நாள் வியாழன், தாய்த் தரப்பின் முறை. முந்தின நாள் பேச்சில் தனக்குச் சாதகமாக ஒரு பிடி கிடைத்திருந்ததால் பூவாத்தாள் ஊட்டாமலே நேராக வளைக்குப் போனாள். கீறலில் அலகு நீண்டிருப்பதை வேலப்பன் பார்த்தான். வாயில் பழமும் இருந்தது. ஆனால் ஊட்டினால் மீறல். மீறினால் கிளை போய்விடும். பழத்தை விழுங்கிவிட்டு அவனும் வளைக்குப் பறந்தான்.

மத்தியானம் மலையணில் வந்தது. "உங்க வீட்டுக் கதவு திறந்து கெடக்கு" என்றது. "பசின்னுச்சு. ஒடச்சுது. போயிருச்சு."

இருவரும் பறந்தார்கள். வேலப்பன் எதிர்க் கிளையில் உட்கார்ந்து காலிப் பொந்தையே பார்த்தான். வெகுநேரம் கழித்துப் பூவாத்தாள் வந்து அதே கிளையில் அமர்ந்தாள். கிளை இருவரையும் தாராளமாகத் தாங்கியது.

"அது நம்மளப் பார்க்க வந்தா..." என்றாள் மெல்ல. "யார்கிட்ட மொதல்ல வரணும்னு ஒண்ணு எழுதிக்கணுமுங்க."

"எழுதிக்கலாம்" என்றான் வேலப்பன்.

ரங்கநாதன் முதுகில் முள் இல்லை. அவர் வளையை அடைத்துக்கொண்டார். இருவரும் இன்னமும் தினமும் அங்கே போய்க் காத்திருக்கிறார்கள்.

நீதி: பிள்ளைக்கான ஒப்பந்தத்தை அவசரப்படாமல், ஒன்று விடாமல் எழுதுங்கள். எழுதி முடிப்பதற்குள் பிள்ளை போய்விடும், அப்புறம் சண்டைக்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

இந்த நீதியும் அணில் சொன்னதுதான். போன மாசி மாதம் அணிலை மறுபடி பார்த்தபோது, கதை நிஜமா என்று கேட்கத்தான் இதைச் சொல்பவன் வாயைத் திறந்தான். வந்தது வேறு கேள்வி.

"அந்தக் குஞ்சை முழுசாப் பார்த்தது நீ ஒருத்தன்தான். எப்படி இருந்துச்சு?"